லூசியன் ஃபாவ்ரே: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐரோப்பியக் கால்பந்து பார்க்கும் நண்பர்களிடம் சுவிஸ் பயிற்சியாளர் லூசியன் ஃபாவ்ரே பெயரைச் சொன்னால், "டோர்ட்மண்ட்ல பட்டத்தைக் கோட்டை விட்டவர்தானே?" என்ற பதில்தான் முதலில் வரும். அந்த ஒரு வரியோடு அவர் கதையை மூடிவிடுவது எனக்கு எப்போதுமே உறுத்தலாக இருக்கும். அவர் ஜெர்மனியின் கிளாட்பாக் கிளப்பில் இருந்த காலத்திலிருந்து அவருடைய அணிகளை விடாமல் பார்த்து வருகிறேன். என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றை, கேட்டவர்களின் வார்த்தையிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

ஃபாவ்ரேன்னா யாரு? ரெண்டு வரியில சொல்லுங்க.

சுவிட்சர்லாந்தின் பிரெஞ்சு பேசும் வோ மாகாணத்தில், சென் பார்த்தெலெமி என்ற சிற்றூரில் 1957-இல் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். முதலில் நடுக்கள ஆட்டக்காரர், பிறகு பயிற்சியாளர். சுவிஸில் செர்வெட், சூரிக், ஜெர்மனியில் ஹெர்த்தா பெர்லின், மொன்ஷென்கிளாட்பாக் (சுருக்கமாக கிளாட்பாக்), டோர்ட்மண்ட், பிரான்ஸில் நீஸ். இவையே அவர் பயிற்சி அளித்த முக்கியமான கிளப்புகள்.

ஆடின காலத்துல பெரிய ஆளா? உலகக் கோப்பை ஆடியிருக்காரா?

உள்நாட்டில் மதிப்புள்ள ஆட்டக்காரர். ஆட்டத்தைக் கட்டமைக்கும் பத்தாம் எண் ரகம். வேகத்தைவிடப் பார்வையும் பாஸும்தான் அவர் பலம். லோசான், நொஷாத்தெல் ஸமாக்ஸ், ஜெனீவாவின் செர்வெட், இடையில் ஒரு பருவம் பிரான்ஸின் துலூஸ். செர்வெட்டோடு 1985-இல் லீக் பட்டம் வென்றார். சுவிஸ் தேசிய அணிக்கு 24 ஆட்டங்கள், ஒரு கோல்.

உலகக் கோப்பை ஆடவில்லை. 1966-க்குப் பிறகு 1994 வரை சுவிஸ் அணி எந்த உலகக் கோப்பைக்கும் தகுதி பெறவில்லை. ஐரோப்பியக் கோப்பைக்கு முதன்முதலாகப் போனது 1996-இல். ஃபாவ்ரேயின் ஆட்டக் காலம் முழுவதும் அந்த வறண்ட இடைவெளிக்குள் விழுந்துவிட்டது.

முழங்காலை உடைச்சவர் மேல கேஸ் போட்டாராமே, உண்மையா?

உண்மை. 1985 செப்டம்பரில் செர்வெட்டுக்கும் வெவே அணிக்கும் நடந்த ஆட்டத்தில், வெவேயின் தடுப்பாட்டக்காரர் பியர் ஆல்பர் ஷாப்புயிசா மோதிய மோதலில் ஃபாவ்ரேயின் முழங்கால் மோசமாகச் சிதைந்தது. பல மாதங்கள் ஆட முடியவில்லை. மைதானத்தில் நடந்தது மைதானத்தோடு போகட்டும் என்று அவர் விட்டுவிடவில்லை, நீதிமன்றத்துக்குப் போனார். ஷாப்புயிசாவுக்கு அபராதம் விதிக்கப்பட்டது. ஃபாவ்ரே மீண்டு வந்து 1991 வரை ஆடினார்.

இதில் இன்னொரு இழை உண்டு. அந்த ஷாப்புயிசாவின் மகன்தான் ஸ்டெஃபான் ஷாப்புயிசா. 1997-இல் ஐரோப்பாவின் உச்ச கிளப் போட்டியான சாம்பியன்ஸ் லீக்கை வென்ற டோர்ட்மண்ட் அணியின் முன்கள வீரர், இன்றும் அந்த ஊரின் செல்லப்பிள்ளை. தந்தை மீது வழக்குத் தொடுத்தவர், மகனைக் கொண்டாடும் கிளப்புக்கே 2018-இல் பயிற்சியாளராக வந்தார்.

கோச்சிங்ல நேரா பெரிய கிளப்புக்கே வந்துட்டாரா?

இல்லவே இல்லை. ஆட்டத்தை விட்டதும் எஷாலான் என்ற சின்ன ஊர் அணியில் இளைஞர்களிடமிருந்து தொடங்கினார். அந்த நாட்களில் யோகன் க்ரூய்ஃப் நடத்திய பார்சிலோனா பயிற்சிகளை நேரில் போய்ப் பார்த்துக் கற்றுக்கொண்டார். அடுத்து இவெர்தோன் அணியை முதல் பிரிவுக்கு ஏற்றினார். 2000-இல் பழைய கிளப்பான செர்வெட். அடுத்த ஆண்டே சுவிஸ் கோப்பை. அந்த இறுதி ஆட்டத்தில் 3-0 என்று தோற்ற அணி இவெர்தோன்தான்.

அதே 2001-இன் பிற்பாதியில், இன்னொரு ஐரோப்பிய கிளப் போட்டியான யூஃபா கோப்பையில் செர்வெட் பெர்லினுக்குப் போய் ஹெர்த்தாவை 3-0 என்று வென்றது. ஜெர்மனியில் அவர் பெயர் காதில் விழத் தொடங்கியது இதன் பிறகுதான் என்று நினைக்கிறேன்.

2006 பாசல் - சூரிக் மேட்ச்னு சொல்றாங்களே, அப்படி என்ன நடந்தது?

சூரிக்கின் பயிற்சியாளர் அப்போது ஃபாவ்ரே. மே 13, லீக்கின் கடைசி நாள், பாசலின் சொந்த மைதானம். பாசல் சமன் செய்தாலே சாம்பியன். சூரிக் கட்டாயம் ஜெயிக்க வேண்டும். சூரிக் முன்னிலை பெற்றது, பாசல் சமன் செய்தது, 90 நிமிடமும் தாண்டிவிட்டது. 93-ஆவது நிமிடத்தில் பந்து பெனால்டி பெட்டிக்குள் வர, ருமேனியத் தடுப்பாட்டக்காரர் யூலியன் ஃபிலிப்பெஸ்கு வலைக்குள் அடித்தார். 2-1. இரு அணிகளும் ஒரே புள்ளி. கோல் வித்தியாசத்தில் பட்டம் சூரிக்குக்கு. 1981-க்குப் பிறகு அவர்களுக்குக் கிடைத்த முதல் லீக் பட்டம் அது. ஆட்டம் முடிந்ததும் பாசல் ரசிகர்கள் களத்துக்குள் இறங்கிக் கலவரம் செய்ததும் அந்த நாளின் கதையில் சேர்ந்துவிட்டது.

பலர் கவனிக்காமல் விடுவது அடுத்த ஆண்டை. 2007-இலும் சூரிக்தான் சாம்பியன். கோகன் இன்லர், பிலெரிம் ஜெமாய்லி போன்ற பிற்காலத் தேசிய அணிப் பெயர்கள் அந்த அணியில் இளைஞர்களாக இருந்தவர்கள். ரஃபாயல் என்ற பிரேசில்காரரும் அங்கே இருந்தார்; அவர் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஹெர்த்தாவுல நல்லாத்தானே போயிட்டிருந்தது, ஏன் தூக்கினாங்க?

2008-09 பருவத்தில் ஹெர்த்தா கடைசி வாரங்கள் வரை பட்டப் போட்டியில் இருந்தது. இறுதி நாளில் கார்ல்ஸ்ரூவிடம் 0-4 தோல்வி. அந்த கார்ல்ஸ்ரூ கீழ்ப் பிரிவுக்கு இறங்கிய அணி. சாம்பியன்ஸ் லீக் வாய்ப்பு கைநழுவி நான்காம் இடம். கோடையில் வோரோனின், பன்டெலிச், சிமூனிச் என்று முக்கியமானவர்கள் போய்விட்டார்கள், ஈடாக யாரும் வரவில்லை. புதுப் பருவத்தில் தோல்வி மேல் தோல்வி. செப்டம்பர் இறுதியில் வேலை போனது.

அவரை நீக்கியதால் எதுவும் சரியாகவில்லை. ஹெர்த்தா அந்தப் பருவத்தில் கடைசி இடத்தில் முடித்து இறங்கியது.

கிளாட்பாக்கை அவர்தான் காப்பாத்தினார்னு சொல்றது கொஞ்சம் ஓவரா இல்ல?

இல்லை. 1970-களில் ஐந்து முறை லீக் வென்ற கிளப், 2011 பிப்ரவரியில் அவர் பொறுப்பேற்றபோது 22 ஆட்டங்களில் 16 புள்ளிகளோடு கடைசி இடத்தில் கிடந்தது. மீதி 12 ஆட்டங்களில் 20 புள்ளி சேர்த்து 16-ஆம் இடத்துக்கு ஏறியது. பிறகு, முதல் பிரிவில் இடம் யாருக்கு என்று முடிவு செய்ய, இரண்டாம் பிரிவின் போஹுமுடன் இரண்டு ஆட்ட மோதல். முதல் ஆட்டத்தில் இகோர் டி கமார்கோ 93-ஆவது நிமிடத்தில் அடித்த ஒரே கோல். இரண்டாவதில் பின்தங்கிய பிறகு மார்கோ ராய்ஸ் சமன் செய்தார். அவ்வளவு நூலிழையில் தப்பித்தார்கள்.

புதிதாக ஆள் வாங்க முடியாத மாதங்கள் அவை. அதே ஆட்டக்காரர்கள்தான். அவர் செய்த பெரிய மாற்றம், ஏப்ரலில் 18 வயது மார்க் ஆந்த்ரே டெர் ஸ்டேகனைக் கோல்கீப்பராக இறக்கியது. முதல் ஆட்டமே கோல்ன் அணிக்கு எதிரான பக்கத்து ஊர்ச் சண்டை, 5-1 வெற்றி.

அடுத்த பருவத் தொடக்கமே மியூனிக்கில் பாயர்னை 1-0 என்று வென்றதுதான். 34 ஆட்டங்களில் 24 கோல் மட்டுமே வாங்கி நான்காம் இடம் பிடித்தார்கள். ஓராண்டுக்கு முன் இறங்கப் போன அணி இது.

ட்ரெயினிங்ல அப்படி என்னதான் செய்வார்?

நுணுக்கம். எல்லாரும் சொல்லும் சொல்தான், ஆனால் அவர் விஷயத்தில் அது நேரடிப் பொருளில் உண்மை. பயிற்சியை நிறுத்திவிட்டு, பாஸ் எந்தக் காலுக்குப் போக வேண்டும் என்று சொல்வார். வலது காலுக்கு வந்தால் ஒரு தொடுகையில் திரும்பலாம், இடது காலுக்கு வந்தால் முதுகு எதிரியைப் பார்த்துவிடும் என்று தானே நின்று காட்டுவார். வாங்கும் முன் இடுப்பு எந்தப் பக்கம் திறந்திருக்கிறது, தடுக்கும்போது எந்தக் காலை முன்னே வைக்கிறாய், பக்கத்து ஆளிடமிருந்து எத்தனை அடி தள்ளி நிற்கிறாய், எல்லாவற்றுக்கும் திருத்தம் உண்டு. பாட்டு வாத்தியார் ஒரே ஸ்வரத்தை நிறுத்தி நிறுத்திப் பாட வைப்பாரே, அந்த மாதிரி.

பலன் ஆட்களிடம் தெரிந்தது. டெர் ஸ்டேகன் பார்சிலோனா போனார். தடுப்பாட்டக்காரர் தான்டே பாயர்ன் போனார். பாசலிலிருந்து பெரும் எதிர்பார்ப்போடு வந்த கிரனிட் ஜாக்காவை முதல் பருவத்தில் பலமுறை வெளியே உட்கார வைத்தார். பிறகு அவரே நடுக்களத்தின் அச்சாக ஆனார். சூரிக்கில் பார்த்த ரஃபாயலை ஹெர்த்தாவுக்கும், பின்னர் கிளாட்பாக்குக்கும் அழைத்து வந்தார்.

ராய்ஸைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஜெர்மனியின் ஆண்டின் சிறந்த ஆட்டக்காரர் விருதை அவர் இரண்டு முறை வாங்கியிருக்கிறார்: 2012-இலும் 2019-இலும். முதல் முறை கிளாட்பாக், இரண்டாம் முறை டோர்ட்மண்ட். இடையில் யுர்கன் க்ளோப், தோமஸ் டூகல் என்று பெரிய பயிற்சியாளர்களிடம் ஆடியவர். ஆனால் விருது வந்த இரண்டு பருவங்களிலும் பயிற்சியாளர் ஃபாவ்ரே. என்னைப் பொறுத்தவரை அவர் தொழிலுக்கு இதைவிட நல்ல சான்றிதழ் வேண்டாம்.

அவர் டீம் ஆட்டம் போர் அடிக்குமே? எப்பப் பாரு பின்னாடியே பாஸ்.

அவசரம் இல்லாத ஆட்டம் என்பது சரி. க்ளோப் அணி போலப் பந்தை இழந்த நொடியே வேட்டையாடப் பாயாது. இரண்டு நான்குபேர் வரிசைகளாக நெருங்கி நின்று, நடுவை அடைத்து, எதிரியை ஓரத்துக்குத் தள்ளும். பந்து தங்களிடம் இருக்கும்போது பின்னே பாஸ் போவது எதிரியை முன்னே இழுக்க. ஒருவர் இடம் பெயர்ந்துவிட்டால் மூன்று நான்கு தொடுகையில் பந்து எதிர்ப்பெட்டிக்குள் போய்விடும்.

பொறுமையில்லாதவர்களுக்குப் பிடிக்காது, அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ராய்ஸ், ஹெர்மன், ஹான்கே எல்லாம் ஆடிய 2011-12 கிளாட்பாக்கின் எதிர்த்தாக்குதல்களைப் பார்த்துவிட்டு போர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

எக்ஸ்ஜி கணக்கே இவர்கிட்ட பொய்யாப் போச்சுன்னு சொல்றாங்களே, அது என்ன?

எக்ஸ்ஜி என்பது எதிர்பார்ப்புக் கோல் கணக்கு. ஒவ்வொரு ஷாட்டும் கோலாகும் வாய்ப்பை, எங்கிருந்து எப்படி அடிக்கப்பட்டது என்பதை வைத்து 0-க்கும் 1-க்கும் இடையே ஓர் எண்ணாகப் போடுவார்கள். கூட்டிப் பார்த்தால் ஓர் அணி எத்தனை கோல் அடித்திருக்க வேண்டும் என்று தெரியும். நீண்ட காலத்தில் எல்லா அணிகளும் இந்தக் கணக்குக்குப் பக்கத்தில் வந்துவிடும் என்பது நம்பிக்கை. ஃபாவ்ரேயின் அணிகளோ கிளாட்பாக், நீஸ், டோர்ட்மண்ட் என்று மூன்று இடத்திலும் கணக்கைவிட அதிகம் அடித்தன, குறைவாக வாங்கின.

அதிர்ஷ்டம் என்றவர்கள் உண்டு. ஒரு பருவம் என்றால் நானும் அப்படித்தான் சொல்வேன். மூன்று கிளப், இரண்டு நாடு, ஆண்டுக்கணக்கில் என்றால் வேறு காரணம் தேட வேண்டும். என் எண்ணம் இது: எளிய எக்ஸ்ஜி முறைகள் ஷாட் அடித்த இடத்தைப் பார்க்கும், அடிப்பவருக்கும் வலைக்கும் நடுவில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பதைச் சரியாகப் பார்க்காது. மேலே சொன்ன நெருக்கமான வரிசைகளால் எதிரி பெட்டிக்குள் வந்தாலும் முன்னால் கால்களும் உடல்களும் இருக்கும். தாக்கும்போது தலைகீழ், தடுப்பவர் நிலைகுலையும் வரை காத்திருந்து அடிப்பார்கள். இதோடு ராய்ஸ், ரஃபாயல் போல முடிப்பதில் தேர்ந்தவர்கள் இருந்தார்கள். கொஞ்சம் அதிர்ஷ்டமும் இருந்திருக்கும், அதை மறுக்க முடியாது.

2015-ல டீமை நட்டாத்துல விட்டுட்டு ஓடிட்டாரே, அது நியாயமா?

2014-15 அவருடைய கிளாட்பாக் உச்சம். எல்லாப் போட்டிகளிலும் சேர்த்து 18 ஆட்டம் தோல்வியே இல்லை. அது முடிந்ததும் விசித்திரமாகத்தான், டோர்ட்மண்டுக்கு எதிராக கிறிஸ்டோஃப் கிராமர் சுமார் 45 மீட்டர் தூரத்திலிருந்து தன் கோல்கீப்பருக்கு அனுப்பிய பந்து வலைக்குள் போனது. மூன்றாம் இடம், 66 புள்ளி, கிளப் வரலாற்றில் முதல்முறையாக சாம்பியன்ஸ் லீக் குழுச் சுற்று. அடுத்த பருவத்தில் லீக்கின் முதல் ஐந்து ஆட்டமும் தோல்வி, சாம்பியன்ஸ் லீக்கில் செவிய்யாவில் 0-3 தோல்வி. செப்டம்பர் 20 அன்று, கிளப் போக வேண்டாம் என்று சொல்லியும், தானே அறிவித்துவிட்டு விலகினார்.

நியாயமா என்றால், எனக்கு இன்றும் உடன்பாடில்லை. தான் இனி சரியான ஆள் இல்லை என்று அவர் மனதார நம்பினார், அதில் சந்தேகமில்லை. ஆனால் அணி சிதைந்திருக்கவில்லை. அடுத்து வந்த ஆந்த்ரே ஷூபர்ட் அதே ஆட்களை வைத்து லீக்கில் தொடர்ந்து ஆறு ஆட்டம் ஜெயித்தார், பருவம் நான்காம் இடத்தில் முடிந்தது. அந்த நேரத்தில் ஃபாவ்ரேக்கு அணி மீதிருந்த நம்பிக்கையைவிட, கிளப்புக்கு அவர் மீதிருந்த நம்பிக்கை பெரியது.

பலோட்டெல்லி மாதிரி ஆளை நீஸ்ல எப்படிச் சமாளிச்சார்?

சர்ச்சைகளுக்குப் பேர்போன இத்தாலிய முன்கள வீரர். லிவர்பூலிலிருந்து இலவசமாக வந்தவர், பலரும் முடிந்துபோனவர் என்று கருதிய நேரம். நீஸில் லீக்கில் முதல் பருவம் 15 கோல், இரண்டாவதில் 18. ஃபாவ்ரே அவரைக் கொஞ்சவும் இல்லை, ஊடகம் முன் குத்திக்காட்டிக் கொண்டிருக்கவும் இல்லை. ஓட்டம் போதவில்லை என்றால் உட்கார வைத்தார். பலோட்டெல்லி இல்லாத நாளிலும் அணி ஓடும்படி வைத்திருந்தார். தடுப்பில் பழைய தான்டே, நடுக்களத்தில் ஸேரி. 2016-17-இல் பாதிப் பருவம் முடிந்தபோது முதலிடம், முடிவில் 78 புள்ளியோடு மூன்றாம் இடம்.

2017 கோடையில் டோர்ட்மண்ட் அவரைக் கேட்டது, நீஸ் விடவில்லை. ஓராண்டு கழித்தே போக முடிந்தது.

டோர்ட்மண்ட்ல 9 புள்ளி முன்னாடி இருந்து பட்டத்தை விட்டாரே, அவர் தப்புதானே?

பாதி. 2018-19-இல் ஒரு கட்டத்தில் பாயர்னைவிட 9 புள்ளி முன்னே, முடிவில் 76-க்கு 78. பிப்ரவரியில் ஹொஃபன்ஹைமுக்கு எதிராக 3-0 முன்னிலையிலிருந்து 3-3. ஏப்ரலில் மியூனிக்கில் 0-5. பாயர்ன் அந்தப் பருவத்தின் பிற்பாதியில் ஆடிய ஆட்டத்துக்கு முன் யாரும் தாங்குவது கடினம். டோர்ட்மண்டோ மிக இளம் அணி. முதற்பாதியில் பாகோ அல்காசர் மாற்று ஆட்டக்காரராக இறங்கிக் கோல்களாகக் குவித்தார். லீக்கில் அவர் அடித்த 18-இல் பாதிக்கு மேல் அப்படி வந்தவை. அது பருவம் முழுக்க நீடிக்கும் விஷயமில்லை.

ஆனால் ஒன்று அவர் மேல்தான் விழும். ஏப்ரல் 27 அன்று சொந்த மைதானத்தில் ஷால்கவிடம் 2-4 தோல்வி. பந்து கையில் பட்டதற்காக ஷால்கவுக்குத் தரப்பட்ட பெனால்டியால் கொதித்துப்போயிருந்தவர், பட்டம் போய்விட்டது என்று வெளிப்படையாகவே சொல்லிவிட்டார். மறுநாள் பாயர்ன் நூர்ன்பெர்கில் 1-1 சமன். வித்தியாசம் வெறும் இரண்டு புள்ளி, மூன்று ஆட்டம் பாக்கி. அடுத்த வாரம் பிரேமனில் டோர்ட்மண்ட் 2-0 முன்னிலையை விட்டு 2-2. அந்தப் பேச்சு அணிக்குள் போய் உட்கார்ந்துவிட்டது என்றே நினைக்கிறேன். 2015-இல் கிளாட்பாக்கை விட்டுப் போன அதே அவநம்பிக்கை இதிலும் தெரிகிறது.

ஹாலண்டை உருவாக்கினது ஃபாவ்ரேன்னு சொல்லலாமா?

வேண்டாம். நார்வேயின் முன்கள வீரர் எர்லிங் ஹாலண்ட் 2020 ஜனவரியில் ஏற்கெனவே வெடித்துக் கிளம்பிய நிலையில் டோர்ட்மண்டுக்கு வந்தார். ஆக்ஸ்பர்கில் 1-3 என்று பின்தங்கியிருந்தபோது ஃபாவ்ரே அவரை இறக்க, 23 நிமிடத்துக்குள் மூன்று கோல், 5-3 வெற்றி. அவருக்கு ஏற்ற மூன்று தடுப்பாட்டக்காரர் அமைப்பு அதற்கு முன்பே தயாராகியிருந்தது, அந்தப் பங்கு ஃபாவ்ரேயுடையது. அந்தப் பருவமும் இரண்டாம் இடம். 2020 டிசம்பரில் ஸ்டுட்கார்ட்டிடம் சொந்த மண்ணில் 1-5 தோற்ற மறுநாள் நீக்கினார்கள்.

கிரிஸ்டல் பேலஸுக்கு வர்றதா இருந்ததே, என்ன ஆச்சு?

2021 கோடையில் அந்த இங்கிலாந்து கிளப்புடன் பேச்சு கிட்டத்தட்ட முடிந்த நிலையில் அவரே விலகினார். அந்த இடத்துக்கு வந்தவர் பாட்ரிக் வியேரா. 2018-இல் நீஸில் இவருக்குப் பின் வந்தவரும் அவரே. 2022-இல் ஃபாவ்ரே மீண்டும் நீஸ் போனார், சரியாக அமையவில்லை. பிரெஞ்சுக் கோப்பையில் மூன்றாம் பிரிவு லெ புய் அணியிடம் தோற்றதும் 2023 ஜனவரியில் நீக்கப்பட்டார்.

மொத்தம் எத்தனை கோப்பை? அதைப் பார்த்தா பெரிய கோச்னு சொல்ல முடியுமா?

சுவிஸ் கோப்பை 2001, 2005. சுவிஸ் லீக் 2006, 2007. ஜெர்மன் சூப்பர் கோப்பை 2019. ஜெர்மனியிலும் பிரான்ஸிலும் லீக் பட்டம் இல்லை, அது பெரிய குறைதான். ஆனால் அவர் சேர்ந்தபோது கிளாட்பாக் எந்த நிலையில் இருந்தது, அதை எங்கே வரை கொண்டு போனார் என்று பாருங்கள். பாயர்ன் ஆதிக்கம் செலுத்திய பத்தாண்டில் குறைந்த பணத்தில் அந்த உயரத்துக்கு ஏற்றியவர்கள் மிகச் சிலர். என் பட்டியலில் அவர் பெரிய பயிற்சியாளர்தான்.

இதுவரை அவர் ஆட்டமே பார்க்கல. எதுல இருந்து ஆரம்பிக்கலாம்?

2015 மார்ச் 22, பாயர்ன் 0, கிளாட்பாக் 2. ரஃபாயல் இரண்டு கோல். சுருக்கக் காட்சி போதாது, முழு ஆட்டத்தையும் தேடிப் பாருங்கள். பந்து பாயர்னிடம் இருக்கும் நேரத்தில் கிளாட்பாக்கின் எட்டுப் பேர் எப்படிச் சேர்ந்து நகர்கிறார்கள் என்பதை மட்டும் முதல் பாதியில் கவனியுங்கள். பிறகு ஆக்ஸ்பர்கில் ஹாலண்ட் இறங்கிய ஆட்டம். மூன்றாவதாக, 2006 பாசல் - சூரிக்கின் கடைசிப் பத்து நிமிடம்.